அழுத்திப் பிடிக்கணுமா, மெதுவா வருடணுமா? மசாஜ் செய்யும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது, யார் கட்டாயம் தவிர்க்க வேண்டும்?

"கால் ரொம்ப வலிக்குது, கொஞ்சம் பிடிச்சு விடேன்." தமிழ் வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பாட்டிக்குப் பேத்தி கால் பிடிப்பதும், பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதும், தலைவலி வந்தால் தைலம் தடவி நெற்றியை நீவி விடுவதும் நமக்கு அன்றாட விஷயம். இதை யாரும் சிகிச்சை என்று சொல்வதில்லை.

இன்னொரு பக்கம், ஊருக்கு ஊர் ஸ்பா வந்துவிட்டது. முடிவெட்டப் போனால் கழுத்தைத் திருப்பி 'டக்'கென்று சொடக்கு எடுத்து விடுகிறார்கள். "மசாஜ் செய்தால் உடம்பில் இருக்கும் நச்செல்லாம் வெளியேறும்" என்று செல்போனில் வீடியோக்கள் ஓடுகின்றன.

இதில் எது உண்மை? மென்மையான மசாஜால் உடலுக்கும் மனதுக்கும் என்ன பலன்? எந்த நேரத்தில் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தோலுக்குள் இருக்கும் 'நிதானமான' நரம்பு

யாராவது நம் கையைத் தொட்டால் அந்தத் தகவல் மூளைக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன. ஒன்று வேகமான பாதை. எங்கே தொட்டார்கள், எவ்வளவு அழுத்தம், தொட்ட பொருள் சொரசொரப்பா வழவழப்பா என்பதையெல்லாம் இது நொடிப்பொழுதில் சொல்லிவிடும். இந்த நரம்புகளில் தகவல் ஒரு விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் பாயும்.

இன்னொன்று மெதுவான பாதை. இதில் தகவல் விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகரும். 'சி-டாக்டைல்' நரம்பிழைகள் என்று இதற்குப் பெயர். முடி வளரும் தோல் பகுதிகளில், அதாவது முன்கை, முதுகு, தோள், முகம் போன்ற இடங்களில் இவை அதிகம். உள்ளங்கையில் மிகக் குறைவு.

இந்த நரம்பின் வேலை என்ன? ஸ்வீடன் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். 2009-ம் ஆண்டு 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில் ஒரு முக்கியமான விஷயம் தெரியவந்தது. தோலை விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் இந்த நரம்புகள் நன்றாகத் தூண்டப்படுகின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தாலும், அதைவிட மெதுவாக நகர்த்தினாலும் அவற்றின் துடிப்பு குறைந்துவிடுகிறது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 'இதமாக இருக்கிறது' என்று சொன்னதும் அதே வேகத்தைத்தான்.

கையின் சூடும் முக்கியம். தோலின் இயல்பான வெப்பத்தை ஒட்டிய தொடுதலுக்குத்தான் இந்த நரம்புகள் அதிகமாக எதிர்வினை காட்டுகின்றன. ஜில்லென்ற கையால் தொட்டால் உடம்பு சிலிர்த்து விலகுவது இயல்புதான்.

நோய் காரணமாக வேகமான தொடுவுணர்வு நரம்புகளை இழந்துவிட்ட ஒரு பெண்ணை விஞ்ஞானிகள் பரிசோதித்தார்கள். மென்மையான தூரிகையால் அவரது முன்கையை வருடியபோது, எந்தத் திசையில் வருடுகிறார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் லேசாக, இதமாக ஏதோ ஒன்று தெரிகிறது என்று மட்டும் சொன்னார். மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புள்ள 'இன்சுலா' என்ற பகுதி அப்போது தூண்டப்பட்டிருந்தது. இது 2002-ம் ஆண்டு வெளியான ஆய்வு.

சுருக்கமாகச் சொன்னால், தொடுவதில் 'தகவல்' ஒரு பாதையிலும் 'இதம்' இன்னொரு பாதையிலும் போகின்றன. அழுதுகொண்டிருப்பவரின் முதுகை நாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே மெதுவாகத் தடவுகிறோமே, அந்த வேகம் பெரும்பாலும் இந்த நரம்புக்குப் பிடித்த வேகமாகவே இருக்கும்.

அப்படின்னா ரொம்ப லேசா தொட்டாலே போதுமா?

போதாது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வருடுவது வேறு, மசாஜ் வேறு. 'மென்மையான மசாஜ்' என்றால் இறகால் தடவுவது போல என்று அர்த்தம் இல்லை. தோல் லேசாக அமுங்கி நகரும் அளவுக்கு அழுத்தம் வேண்டும்.

அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டிஃப்பனி ஃபீல்டு இந்தத் துறையில் முன்னோடி. தொடுதலை ஆராய்வதற்கென்றே 1992-ல் அங்கு ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். மிக லேசாகத் தடவும்போது கூச்சம் போன்ற உணர்வு வந்து உடல் விழிப்பு நிலைக்குப் போகிறது, மிதமான அழுத்தம் கொடுக்கும்போது இதயத் துடிப்பு குறைந்து உடல் தளர்கிறது என்பதை அவரது குழு பதிவு செய்திருக்கிறது.

இதற்குக் காரணமாக ஆய்வாளர்கள் சொல்வது 'வேகஸ்' நரம்பு. மூளையிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று பல உறுப்புகளுக்குப் போகும் நீளமான நரம்பு இது. 'ஆபத்து இல்லை, நிதானமாக இரு' என்ற நிலைக்கு உடலைக் கொண்டுவருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மிதமான அழுத்தம் இந்த நரம்பின் செயல்பாட்டைக் கூட்டுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

எடை கூடிய குறைமாதக் குழந்தைகள்

டிஃப்பனி ஃபீல்டின் பெயர் உலகுக்குத் தெரிய வந்ததே 1986-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வால்தான்.

அந்தக் காலத்தில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை அதிகம் தொடக் கூடாது என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. ஃபீல்டின் குழு அதற்கு மாறாக, ஒரு தரப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 3 முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், 10 நாட்களுக்கு மசாஜும் கை கால் அசைவுப் பயிற்சியும் கொடுத்தது. மசாஜ் பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, இந்தக் குழந்தைகளின் எடை ஒரு நாளைக்கு 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. சராசரியாக 6 நாட்கள் முன்னதாகவே அவர்கள் வீட்டுக்கும் போனார்கள்.

ஆனால் இது 40 குழந்தைகளிடம் மட்டும் நடந்த சிறிய ஆய்வு. பின்னர் இதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 'காக்ரேன்' மதிப்பாய்வு, பல ஆய்வுகளின் தரம் போதவில்லை என்று எச்சரித்தது. பலன் இருக்கலாம், ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் நிலைப்பாடு.

குறைமாதக் குழந்தைகளுக்கு மிக வலுவான ஆதாரம் உள்ள தொடுதல் சிகிச்சை 'கங்காரு தாய் பராமரிப்பு'. குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணைத்து வைப்பதுதான் இது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970-களின் இறுதியில், இன்குபேட்டர் பற்றாக்குறை காரணமாகத் தொடங்கிய முறை. குழந்தை பிறந்த உடனேயே இதைத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? இதைச் செய்யாதீர்கள்

நம் ஊரில் குழந்தையைக் குளிப்பாட்ட அனுபவமுள்ள பாட்டிகளைக் கூப்பிடுவது வழக்கம். இதமாக எண்ணெய் தேய்த்துவிட்டால் குழந்தை நன்றாகத் தூங்கும், அம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஆனால் அந்தக் குளியலோடு சேர்ந்து வரும் சில பழக்கங்கள் ஆபத்தானவை.

- மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது கூடவே கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் 'லிப்பாய்டு நிமோனியா' என்ற பாதிப்பு வரலாம்.
- மூக்கில் வாய் வைத்து ஊதிச் சளி எடுப்பது கிருமித் தொற்றைக் கொண்டு வரும்.
- பிறந்த குழந்தையின் மார்பு லேசாக வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால் வருவது. தானாகச் சரியாகிவிடும். அதைப் பிதுக்கினால் சீழ் பிடிக்கலாம்.
- மூக்கு எடுப்பாக வர வேண்டும், தலை உருண்டையாக வேண்டும் என்று அழுத்துவதால் எந்தப் பலனும் இல்லை.
- கை கால்களை வெடுக்கென்று இழுப்பதும், தலைகீழாகப் பிடித்து ஆட்டுவதும் மூட்டுக்கும் கழுத்துக்கும் ஆபத்து.

எண்ணெயிலும் கவனம் தேவை. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் பாதுகாப்புப் படலத்தைப் பாதிக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கு ஓரளவு சாதகமான முடிவுகள் கிடைத்திருக்கின்றன. வங்கதேசத் தலைநகர் டாக்காவில் குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் பூசப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று குறைந்தது என்று 2005-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தடவ வேண்டாம்.

குழந்தை பால் குடித்த உடனே மசாஜ் செய்யக் கூடாது. காய்ச்சல், தோலில் கொப்புளம் இருந்தாலும் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதால், 'இப்போ வேண்டாம்' என்று குழந்தை சொல்கிறது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள்.

முதுகு வலிக்கு மசாஜ் உதவுமா?

உலகம் முழுவதும் 2020-ம் ஆண்டில் 61.9 கோடி பேருக்குக் கீழ் முதுகு வலி இருந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. மசாஜ் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணமும் கழுத்து, முதுகு வலிதான்.

நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு என்ன செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, நோய் குறித்த விளக்கம், உளவியல் ஆதரவு ஆகியவற்றோடு மசாஜும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது நிபந்தனையோடு கூடிய பரிந்துரை. எல்லோருக்கும் பலன் தரும் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. அதே வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு வலி நிவாரணிகள் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், புதிதாக வந்த முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பாக வெந்நீர் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றை முயலலாம் என்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மசாஜால் கிடைக்கும் நிவாரணம் பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்களுக்குத்தான். வலி குறைந்திருக்கும் அந்த இடைவெளியில் நடப்பது, உடற்பயிற்சி செய்வது, உட்காரும் முறையை மாற்றுவது என்று எதையாவது தொடங்கினால்தான் பலன் நிற்கும். மசாஜ் செய்துவிட்டு மறுபடியும் 10 மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் வலி திரும்பி வரத்தான் செய்யும்.

மனதுக்கு என்ன செய்கிறது?

நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 3 ஆண்டுகளில் மசாஜ் பெற்ற 1,290 நோயாளிகளின் பதிவுகளை ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். வலி, சோர்வு, பதற்றம், குமட்டல் போன்றவற்றின் தீவிரம் மசாஜுக்குப் பிறகு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக நோயாளிகள் சொல்லியிருந்தார்கள். ஆனால் மசாஜ் பெறாத இன்னொரு தரப்போடு அந்த ஆய்வில் ஒப்பீடு செய்யவில்லை.

அந்தக் குறையைச் சரிசெய்யும் விதமாக இன்னொரு ஆய்வு 2008-ல் வெளியானது. முற்றிய புற்றுநோய் உள்ள 380 பேரை இரண்டு தரப்பாகப் பிரித்தார்கள். ஒரு தரப்புக்குப் பயிற்சி பெற்றவர்கள் மசாஜ் செய்தார்கள். இன்னொரு தரப்புக்கு, மசாஜ் தெரியாதவர்கள் வந்து, தேய்க்காமல் பிடிக்காமல், உடலின் சில இடங்களில் சும்மா கையை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

முடிவு என்ன தெரியுமா? செய்த உடனே பார்த்தால் மசாஜ்தான் வலியையும் மனநிலையையும் கூடுதலாகச் சீராக்கியது. ஆனால் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சும்மா கை வைத்தவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது.

இது மசாஜைக் குறைத்துச் சொல்லும் முடிவு இல்லை. நோயாளியின் பக்கத்தில் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவசரப்படாமல் தொட்டுக்கொண்டிருந்தாலே உடல் அதைக் கவனிக்கிறது என்பதற்கான சான்று இது. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். ஊசி போடவும், பிபி பார்க்கவும், உடை மாற்றவும்தான் அவர்களைத் தொடுகிறோம். அதைத் தாண்டி ஒரு தொடுதல் பல வீடுகளில் நாள் கணக்கில் நடப்பதே இல்லை.

பல முறை தொடர்ந்து மசாஜ் பெற்றவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததாக 2004-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் மனநல சிகிச்சைக்கு இது மாற்று கிடையாது. தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

'நச்சு வெளியேறும்' என்பது உண்மையா?

இல்லை. உடலில் உள்ள கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தான். மசாஜ் செய்தால் 'டாக்சின்' வெளியேறும், அதனால் நிறைய தண்ணீர் குடிக்கணும் என்று சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. தாகம் எடுத்தால் குடிக்கலாம், அவ்வளவுதான்.

'தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தை மசாஜ் கரைக்கும்' என்பதும் தவறு. உடற்பயிற்சி முடித்த சில மணி நேரத்துக்குள் அது தானாகவே குறைந்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு கால்களிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்துப் பரிசோதித்தார்கள். லாக்டிக் அமிலத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. இது 2012-ல் வெளியானது.

'மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் பாதியாகக் குறையும்' என்பது இன்னொரு பிரபலமான கூற்று. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த மாற்றம் மிகச் சிறியது என்று தெரிந்தது. மசாஜால் பதற்றம் குறைகிறது என்பது சரி. ஆனால் அதற்குக் காரணம் கார்டிசோல் என்று சொல்ல முடியவில்லை.

தொக்கணம், ஸ்வீடிஷ், லிம்ஃப்: என்ன வித்தியாசம்?

சித்த மருத்துவத்தில் புற மருத்துவ முறைகள் 32 என்று வகுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று 'தொக்கணம்'. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று 9 வகை. வாதம் சார்ந்த வலிகளுக்குத் தைலத்தோடு சேர்த்துச் செய்வார்கள். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

ஸ்பாக்களில் கேட்கும் 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்பது நீளமான வருடல், பிசைதல், தட்டல் ஆகியவை சேர்ந்தது. பெயரில் ஸ்வீடன் இருந்தாலும், இன்று நாம் பார்க்கும் அந்த வடிவத்தை ஒழுங்குபடுத்தியவர் 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் என்று கருதப்படுகிறது.

மென்மைக்கு உச்சம் என்றால் அது 'லிம்ஃப் வடிகால் மசாஜ்'. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் கை வீங்கிப் போகும். நிணநீர் சரியாக வடியாததே காரணம். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி 1930-களில் இதற்கு அடித்தளம் போட்டார்கள். நிணநீர்க் குழல்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால், தோலை லேசாக இழுத்து விடும் அளவுக்குத்தான் அழுத்தம் தர வேண்டும். 'வீக்கம் இறங்கட்டும்' என்று அழுத்தித் தேய்த்தால் பாதிப்பு கூடலாம். இது பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் செய்ய வேண்டியது. அழுத்தக் கட்டும் பயிற்சியும் இதோடு சேர்ந்துதான் பலன் தரும்.

யார் மசாஜைத் தவிர்க்க வேண்டும்?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால்: ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு, சிவப்பு இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, பிரசவம், நீண்ட நேரப் பயணம், நாள் கணக்கில் படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு இதற்கான வாய்ப்பு அதிகம். அங்கே தேய்த்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரல் ரத்தக் குழாயை அடைத்துவிடும். டெல்லியில் கணுக்கால் காயத்துக்காக மாவுக்கட்டு போட்டிருந்த ஓர் இளைஞர், கட்டு பிரித்த பின் வலித்த காலில் எண்ணெய் மசாஜ் செய்யப்பட்டபோது மூச்சுத் திணறி உயிரிழந்ததை மருத்துவர்கள் 2017-ல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். பாசத்தோடு செய்ததுதான். ஆனால் முதலில் தேவைப்பட்டது ஸ்கேன். இப்படிப்பட்ட மரணங்கள் அரிது என்றாலும், தவிர்க்கக் கூடியவை.

கழுத்தில் சொடக்கு வேண்டாம்: கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் உட்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். முடிதிருத்தகத்தில் கழுத்தைத் தொட வந்தால், "வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிடுவது நல்லது. மசாஜுக்குப் பிறகு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், ஒரு பக்கம் மரத்துப் போதல் இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

படுக்கைப் புண் வரும் இடம்: படுத்த படுக்கையாக இருப்பவர்களின் இடுப்பு, குதிகால், பிட்டம் ஆகிய இடங்கள் சிவந்திருந்தால் பலர் எண்ணெயோ பவுடரோ போட்டுத் தேய்ப்பார்கள். தேய்க்கக் கூடாது. விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மறையவில்லை என்றால் உள்ளே திசு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது. கறுத்த நிறத் தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, நிறம் மாறியோ இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி திருப்பிப் படுக்க வைத்து, அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

இவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது:

- கால் மரத்துப்போகும் அளவுக்குச் சர்க்கரை நோய் உள்ளவர்கள். அழுத்தமும் எண்ணெயின் சூடும் அவர்களுக்குத் தெரியாது.
- ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்.
- எலும்புத் தேய்மானம் எனப்படும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்கள்.
- கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள்.
- புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள். கட்டி உள்ள இடத்திலும் கதிர்வீச்சு கொடுத்த தோலிலும் அழுத்தம் கூடாது.
- காய்ச்சல், தோல் தொற்று, திறந்த காயம், புதிய எலும்பு முறிவு உள்ளவர்கள்.

முதுகு வலியோடு கால் பலவீனம், சிறுநீர் மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழப்பு, காரணமில்லாத எடை குறைவு இருந்தால் மசாஜுக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டிலேயே எப்படிச் செய்வது?

மேலே சொன்ன பிரச்சினைகள் இல்லாத பெரியவர்களுக்கு, வீட்டில் உள்ளவர்களே கை, தோள், முதுகு, பாதம் ஆகியவற்றில் மென்மையாக மசாஜ் செய்யலாம்.

1. முதலில் கேளுங்கள். "கை பிடிச்சு விடட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் மட்டும் தொடங்குங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.
2. கையைக் கழுவி, நகம் வெட்டி, மோதிரம் வளையல் கழற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.
3. எண்ணெய் சில துளிகள் போதும். சூடு செய்தால் உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தடவுங்கள்.
4. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு முறை நீவ 5 முதல் 8 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் எண்ணிக்கொண்டே செய்தால் வேகம் தானாகக் குறையும்.
5. தோல் நகரும் அளவுக்கு அழுத்தினால் போதும். முதுகெலும்பின் மேல் அழுத்தக் கூடாது, அதன் இரண்டு பக்கமும் உள்ள தசையில் நீவுங்கள்.
6. முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்கினாலோ மூச்சைப் பிடித்தாலோ அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.
7. 10 முதல் 15 நிமிடம் போதும். அந்த நேரத்தில் டிவியையும் செல்போனையும் தள்ளி வையுங்கள்.
8. முடித்ததும் பாதத்தில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

வெளியில் போகிறீர்களா? இதைக் கேளுங்கள்

வலிக்காகப் போகிறீர்கள் என்றால், பிபிடி படித்த இயன்முறை மருத்துவரையோ பிஎஸ்எம்எஸ் படித்த சித்த மருத்துவரையோ பார்ப்பது பாதுகாப்பு. நல்ல சிகிச்சையாளர், தொடுவதற்கு முன் உங்கள் நோய், மாத்திரை, அறுவை சிகிச்சை விவரங்களைக் கேட்பார். எதையும் கேட்காமல் படுக்கச் சொன்னால் யோசியுங்கள்.

'வலிச்சாத்தான் பலன்' என்பது மசாஜில் சரியான அளவுகோல் இல்லை. வலி தாங்காமல் உடல் இறுகினால், தசையைத் தளர்த்த வந்த நோக்கமே போய்விடும். பாதியில் 'போதும்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சர்க்கரை குணமாகும், கேன்சர் கரையும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மென்மையான மசாஜ் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வலியைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்கும், பதற்றத்தைத் தணிக்கும், தனியாக இல்லை என்ற உணர்வைத் தரும். காசு செலவில்லாமல் வீட்டிலேயே கொடுக்கக் கூடியது. எங்கே தொடக் கூடாது என்று தெரிந்துகொண்டு செய்தால், பெரும்பாலானவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை.